டியூப் வழியாக ஊற்றும் கஞ்சி உடம்பில் ஒட்டுமா?

கரிசல்மண்

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாத 68 வயது ஆண். எடை இப்போது 50 கிலோ. மூக்கு வழியாக 14-ஆம் நம்பர் ரைல்ஸ் டியூப். தினம் ஆறு வேளை, வேளைக்கு 250 மி.லி. சத்துமாவுக் கஞ்சி. ஒரு வேளைக்கு மாவு இரண்டு மேசைக்கரண்டி. இடையில் ஒரு இளநீர், மதியம் பருப்புத் தண்ணீர். மூன்று வாரமாக இதே உணவுதான். எடை இறங்கிக்கொண்டே போகிறது, சில நாள் வயிறும் போகிறது.

வீட்டுப் பெரியவர்கள், "மென்று எச்சிலோடு இறங்கினால்தான் உடம்பில் ஒட்டும், டியூபில் ஊற்றினால் அப்படியே போய்விடும்" என்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு? டியூபில் போகும்போது செரிமானத்தில் எது விட்டுப்போகிறது? சத்தை உறிஞ்சுவது குறைகிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

வைகைக்கரை (குடல் இரைப்பை மருத்துவம்)

இரைப்பைக்குள் நுனி இருக்கும் டியூபால் உறிஞ்சுதல் குறைவதில்லை. சத்தை உறிஞ்சும் வேலை கிட்டத்தட்ட முழுக்கச் சிறுகுடலில் நடக்கிறது. டியூப் தாண்டிப் போவது வாயையும் உணவுக்குழாயையும் மட்டும்தான்.

வாயில் நடப்பது மூன்று. பற்கள் அரைக்கின்றன. எச்சில் உணவை வழுக்கலாக்குகிறது. எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இந்த அமைலேஸ் இல்லாமல் போனாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் கணையம் அதே நொதியைத் தேவைக்கு மேலேயே சுரக்கிறது. அரைக்கும் வேலையை மிக்ஸி செய்துவிடுகிறது. பெரியவர்கள் சொல்வதில் உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. உணவின் வாசனையும் சுவையும் பட்டாலே மூளை வேகஸ் நரம்பு வழியாக இரைப்பையைத் தயார் செய்கிறது. ஒரு வேளை உணவுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த முன்னறிவிப்பால் வருவது. டியூபில் ஊற்றும்போது அது கிடைப்பதில்லை. ஆனால் உணவு இரைப்பைக்குள் விழுந்து சுவர் விரிந்ததும், புரதம் பட்டதும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரந்து அமிலம் வந்துவிடுகிறது. செரிமானம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான். இருந்தாலும் ஊற்றும் நேரத்தில் நோயாளியை உட்காரவைத்து, குடும்பத்தோடு சமையல் வாசனையில் இருக்கவிடுவது உடலியல்ரீதியாகவும் நல்லது.

இரைப்பையின் வேலை பலரும் நினைப்பதைவிடக் குறுகியது, ஆனால் முக்கியமானது. அது ஒரு சேமிப்புப் பை. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். உணவை 1 முதல் 2 மி.மீ. துகளாகும்வரை அரைக்கிறது. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 1.5 முதல் 3.5 வரையுள்ள அமிலத்தால் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்கிறது. வைட்டமின் பி12-ஐ உறிஞ்சத் தேவையான உட்காரணி என்ற புரதத்தைச் சுரக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுகுடலுக்கு எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்று அளந்து விடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 2, 3 கிலோகலோரிக்கு மேல் விடாது. 250 கிலோகலோரி உள்ள ஒரு வேளை உணவு வெளியேற ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு வேளைக்கு நடுவே இரண்டரை மூன்று மணி இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

அடுத்து முன்சிறுகுடல். இதன் நீளம் சுமார் 25 செ.மீ. பித்தமும் கணைய நீரும் இங்கே வந்து சேர்கின்றன. கொழுப்பும் புரதமும் பட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருக்குகிறது, கணையத்தை முடுக்குகிறது, இரைப்பையின் வேகத்தைக் குறைக்கிறது. கணைய நீரின் பைகார்பனேட் அமிலத்தைச் சமன்செய்கிறது. பிறகு நீண்ட சிறுகுடல். அதன் உட்பரப்பை, விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் விரலிகளோடும் நுண்விரலிகளோடும் சேர்த்து அளந்தால் சுமார் 30 சதுர மீட்டர்.

குளுக்கோஸ் தனியாக உள்ளே போகாது. எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்தி ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தைச் சேர்த்து இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓஆர்எஸ் கரைசல் வேலை செய்வதற்கு இதுதான் காரணம். பழச்சர்க்கரைக்கு வேறு கடத்தி. புரதம் தனி அமினோ அமிலமாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டாகவும் போகும். துண்டுகள் வேகமாகப் போகும். கொழுப்பு பித்தத்தோடு சேர்ந்து நுண்திவலையாகி, குடல் செல்லுக்குள் மறுபடி கட்டப்பட்டு, நிணநீர் வழியாக ரத்தத்தில் சேரும். இரும்பு, கால்சியம், ஃபோலேட் எல்லாம் முன்பகுதியில் அதிகம் உறிஞ்சப்படும். பி12-ம் பித்த உப்பும் கடைசிச் சிறுகுடலில்.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். குடிப்பது 2 லிட்டர் என்றால், எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் சுரப்பு என்று உடம்பே இன்னொரு 7 லிட்டரை உள்ளே ஊற்றுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலுக்குப் போகும். மலத்தில் வெளியேறுவது 200 மி.லி.க்கும் குறைவு. உறிஞ்சுதல் உண்மையிலேயே கெட்டிருந்தால் தினமும் கொழுப்பு மிதக்கும் மலமோ, அளவு அதிகமான நீர்ப்போக்கோ இருக்கும். "சில நாள் வயிறு போகிறது" என்பது அந்தச் சித்திரம் இல்லை.

உங்கள் கணக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கஞ்சியின் அடர்த்தி. அதை உணவியல் தெரிந்தவர் சொல்லட்டும்.

பத்தியச்சமையல் (மருத்துவ உணவியல்)

டாக்டர் சொன்னது சரி. கணக்கைப் போட்டால் விடை தெரிந்துவிடும்.

இரண்டு மேசைக்கரண்டி சத்துமாவு தலை தட்டினால் சுமார் 20 கிராம். அதில் 75 கிலோகலோரி, புரதம் 2, 3 கிராம். ஆறு வேளைக்கு 450 கிலோகலோரி, 15 கிராம் புரதம். இளநீர் ஒரு டம்ளருக்கு 50 கிலோகலோரிகூட வராது. பருப்புத் தண்ணீரில் பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடுகிறது; மேலே எடுக்கும் தெளிவில் உப்பும் கொஞ்சம் வாசனையும்தான் இருக்கும். மொத்தம் 500-ஐத் தொட்டால் அதிகம். 50 கிலோ மனிதருக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 என்று 1,250–1,500 கிலோகலோரி வேண்டும். புரதம் 50–60 கிராம். அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. டியூபில் ஊற்றுவது உடம்பில் ஒட்டத்தான் செய்கிறது. ஊற்றுவது போதவில்லை.

மாவைக் கூட்டினால் தீர்ந்துவிடுமா என்றால், அங்கேதான் சிக்கல். 14-ஆம் நம்பர் என்றால் வெளிவிட்டம் 4.7 மி.மீ. தான், உள்துளை இன்னும் சிறியது. மாவு 40 கிராம் ஆனால் கஞ்சி கெட்டியாகி டியூபில் இறங்காது. அதனால் வீட்டில் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைக்கிறார்கள். வயிறு நிறைகிறது, சத்து போவதில்லை.

இதற்கு நம் சமையலிலேயே வழி இருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகில் அமைலேஸ் நொதி நிறைய உண்டு. வெந்த கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்காத சூட்டில், அதாவது 60–70 டிகிரியில், முளைகட்டிய மாவு ஒரு டீஸ்பூன் போட்டு ஐந்து பத்து நிமிடம் கிளறுங்கள். கெட்டியாக நின்ற கஞ்சி மோர் போல இளகிவிடும். பிறகு மறுபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள். நொதியும் அடங்கும், மாவில் இருந்த கிருமியும் சாகும். கவனிக்க வேண்டியது ஒன்று: முளைகட்டிய தானியத்தை மணம் வரும்வரை சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். நிழலில் உலர்த்தி, லேசாகச் சூடு காட்டி அரைத்தால் போதும். கடையில் வாங்கும் சத்துமாவில் பெரும்பாலும் நன்றாக வறுத்துவிடுவதால், அதில் "முளைகட்டியது" என்று எழுதியிருந்தாலும் இந்த வேலை நடக்காது.

250 மி.லி.க்கு ஒரு அளவு தருகிறேன்:

டோன்டு பால் 150 மி.லி., கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 15 கிராம், கேழ்வரகு மாவு 20 கிராம் (மேலே சொன்ன முளைகட்டிய மாவும் இதில் அடக்கம்), சர்க்கரை 10 கிராம், எண்ணெய் 5 மி.லி., மீதி தண்ணீர். மாவை முழுதாக வேகவைத்து, இளகவைத்து, மற்றதைச் சேர்த்து மிக்ஸியில் ஓட்டி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஏறத்தாழ 280 கிலோகலோரி, 11 கிராம் புரதம். ஐந்து வேளை கொடுத்தால் 1,400 கிலோகலோரி, 55 கிராமுக்கு மேல் புரதம். எண்ணெயைக் கடைசியில் மேலே ஊற்றாதீர்கள். அது மிதந்து சிரிஞ்சிலேயே ஒட்டிக்கொள்ளும். பாலோடு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் கலந்துவிடும்.

சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையை எடுத்துவிட்டு இன்னொரு டீஸ்பூன் எண்ணெய். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவே மாறும். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் அதையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

உப்பை மறந்துவிடாதீர்கள். டியூப் கஞ்சியில் யாரும் உப்புப் போடுவதில்லை. வயதானவர்கள் சோடியம் குறைந்து மயங்கிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லாதவரை நாள் முழுவதற்கும் 4 கிராம் அளவு பிரித்துப் போடுங்கள். வைட்டமின், துத்தநாகம் இந்தக் கலவையில் போதாது. சொட்டு மருந்தாகவோ சிரப்பாகவோ தனியாகக் கொடுக்க வேண்டும்.

வைகைக்கரை

இங்கே குறுக்கிட்டே ஆக வேண்டும். மேலே உள்ள அளவு சரியானது, ஆனால் நாளைக்கே அதற்குத் தாவக் கூடாது.

மூன்று வாரம் 500 கிலோகலோரிக்கும் குறைவாக வாழ்ந்த உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று மாவும் சர்க்கரையும் நிறையப் போனால் இன்சுலின் எகிறும். அது பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துவிடும். பாஸ்பேட் இல்லாமல் இதயத் தசையும் மூச்சுத் தசையும் வேலை செய்ய முடியாது. தயாமின் (வைட்டமின் பி1) தீர்ந்து குழப்பம், கண் ஆட்டம் வரும். பட்டினிக்குப் பின் உணவூட்டும்போது உயிரே போவது இப்படித்தான். ஆபத்து அதிகம் உள்ளவர்கள்: உடல் நிறைக் குறியீடு 16-க்குக் கீழே, அல்லது கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்கள், அல்லது பத்து நாளுக்கு மேல் அநேகமாக ஒன்றும் உண்ணாதவர்கள்.

அப்படிப்பட்டவருக்குத் தொடக்கம் கிலோவுக்கு 10 கிலோகலோரி. 50 கிலோவுக்கு 500. இவருக்கு இப்போது போவதே அந்த அளவுதான். அங்கிருந்து நான்கு முதல் ஏழு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் மாற்றமாக ஆறு வேளையில் இரண்டு வேளையைப் புதிய கலவையாக்கலாம். ஏற்றத் தொடங்கும் முன்பே தயாமின் தொடங்க வேண்டும். தினம் 200–300 மி.கி. வழக்கமான அளவு. பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் தொடங்கும் முன்பும், ஏற்றும் நாட்களிலும் பார்க்க வேண்டும். கால் வீக்கம், மூச்சு வாங்குதல், புதிதாகக் குழப்பம், படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரிசல்மண்

மிக்க நன்றி டாக்டர், நன்றி மேடம். ரத்தப் பரிசோதனைக்கு இன்றே கேட்கிறோம். இரண்டு சந்தேகம். பால் சேர்த்தால் வயிறு இன்னும் போகுமா? தேங்காய் எண்ணெய் சீக்கிரம் செரிக்கும் என்கிறார்களே, அதையே போடலாமா?

பத்தியச்சமையல்

பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 5 கிராம் லாக்டோஸ், அதாவது பால்சர்க்கரை. பால்பவுடரில் பாதி எடை லாக்டோஸ். மேலே சொன்ன ஒரு வேளைக்கு 14, 15 கிராம் வரும், நாளுக்கு 70 கிராம். நம் பக்கத்துப் பெரியவர்களில் பலருக்கு லாக்டேஸ் நொதி குறைவு. உடையாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பெருங்குடலில் நொதித்து வாயு கட்டும். ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள். வயிறு உப்பி, கொடுத்த ஒன்றிரண்டு மணியில் போனால் பால்பவுடரை எடுத்துவிட்டு, வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு ஒன்றரை, அல்லது பொட்டுக்கடலை மாவு 20–25 கிராம் போடுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ அதே புரதம். பச்சை முட்டை வேண்டவே வேண்டாம்: சால்மோனெல்லா ஒரு பக்கம், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைக்கும் அவிடின் இன்னொரு பக்கம். வேகவைத்தால் இரண்டும் தீரும்.

தேங்காய் எண்ணெய் போடலாம், தவறில்லை. ஆனால் பித்தம் இல்லாமலே நேராகக் கல்லீரலுக்குப் போகும் எட்டு, பத்து கார்பன் கொழுப்பு அதில் ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தில் பெரும்பகுதி மற்றக் கொழுப்பைப் போல நிணநீர் வழியில்தான் போகிறது. அந்த எட்டு, பத்து கார்பன் கொழுப்பை மட்டும் பிரித்து எம்சிடி எண்ணெய் என்று தனியாக விற்பது வேறு பொருள்.

வெள்ளைச்சீருடை (செவிலியர்)

தம்பி, கலவை எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஊத்துற விதம் தப்பா இருந்தா நுரையீரலுக்குப் போயிடும். அதைச் சொல்லிடுறேன்.

ஒவ்வொரு வேளைக்கும் முன்னாடி மூக்கு ஓரத்துல டியூப்ல போட்டிருக்கிற மார்க் அதே இடத்துல இருக்கான்னு பாருங்க. நீளம் மாறியிருந்தா ஊத்தாதீங்க. வாயைத் திறந்து தொண்டையில டியூப் சுருண்டிருக்கான்னும் பாருங்க. அப்புறம் சிரிஞ்சால உறிஞ்சி, வர்ற நீரை பிஎச் தாளில் தொடுங்க. 5.5 அல்லது அதுக்குக் கீழே இருந்தா இரைப்பைதான். அமிலம் குறைக்கிற மாத்திரை போறவங்களுக்கு பிஎச் ஏறியே இருக்கும், அப்போ அதை மட்டும் நம்ப முடியாது. டியூப் புதுசா போட்டப்போ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறதுதான் உறுதி.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம். முடிஞ்சா நல்லா உட்கார வைங்க. முதல்ல 30 மி.லி. தண்ணீர். பிறகு உணவு. சிரிஞ்சோட பிஸ்டனை எடுத்துட்டு, சிரிஞ்சை உயர்த்திப் பிடிச்சு தானா இறங்க விடுங்க. 250 மி.லி. இறங்க 15, 20 நிமிஷம் ஆகணும். சீக்கிரம் முடிக்கணும்னு பிஸ்டனால அழுத்தாதீங்க. அழுத்தினா இரைப்பை ஒரே நேரத்துல விரிஞ்சு எதுக்களிக்கும். முடிஞ்சதும் மறுபடி 30 மி.லி. தண்ணீர். அடுத்த ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீங்க. நடுவுல இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம்னா உடனே நிறுத்துங்க.

வாயால சாப்பிடலைன்னு வாயை விட்டுடுறாங்க பலர். எச்சில் குறைஞ்சு வாய் காய்ஞ்சா கிருமி பெருகும், அந்த எச்சில் நுரையீரலுக்குள் கசிஞ்சா நிமோனியா. டியூப் போட்டிருந்தாலும் எச்சில் உள்ளே போறது நிக்காது. தினம் ரெண்டு தடவை மென்மையான பிரஷ்ஷால பல்லும் நாக்கும் தேய்ச்சு விடுங்க, உதட்டுக்கு ஈரம் காட்டுங்க.

சமைச்சது வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, நம்ம வெயிலுக்கு அதுவே அதிகம். ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம். எடுத்து வேணுங்கிற அளவை மட்டும் சூடுபண்ணி, உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டு ஊத்துங்க.

ஆலமரநிழல்

அக்கா, வார்டில் காற்றை ஊசியால் ஏற்றி ஸ்டெதஸ்கோப்பில் "புஸ்" என்ற சத்தம் கேட்டால் போதும் என்றுதான் பலர் செய்கிறார்கள். அது தவறா? உறிஞ்சும்போது 150 மி.லி. பழைய கஞ்சி வந்தால் அந்த வேளையை நிறுத்த வேண்டுமா?

வெள்ளைச்சீருடை

சத்தம் கேட்கிறது உறுதி இல்லை. டியூப் நுரையீரலிலயோ உணவுக்குழாயிலயோ இருந்தாலும் வயித்து மேல அந்தச் சத்தம் கேட்கலாம். பிரிட்டன்ல 2005-லேயே இதை நம்பக் கூடாதுன்னு அறிவிச்சாங்க. பழக்கத்துல செய்றவங்க செய்யட்டும், அதை வச்சு மட்டும் ஊத்த ஆரம்பிக்க வேண்டாம்.

வைகைக்கரை

உறிஞ்சும்போது இரைப்பையிலிருந்து வரும் மீதி அளவைப் பற்றி: தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான 2016 அமெரிக்க வழிகாட்டுதல், வழக்கமாக மீதியை அளக்கவே தேவையில்லை என்றும், அளந்தாலும் 500 மி.லி.க்குக் கீழே வேறு அறிகுறி இல்லாமல் உணவை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. காரணம் உடலியலில் இருக்கிறது. இரைப்பை மணிக்கு நூறு மி.லி. அளவில் தன் நீரையும் சுரக்கிறது. எச்சிலும் வந்து சேர்கிறது. வெளியே வருவது முழுக்க ஊற்றிய கஞ்சி இல்லை. 150 வந்ததற்காக ஒவ்வொரு வேளையையும் விட்டால் நாளில் பாதி உணவு போய்விடும். வீட்டில் என்றால் வந்ததைத் திரும்ப உள்ளே விடுங்கள், அதில் அமிலமும் உப்புகளும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். வாந்தி, வயிற்று உப்பல், வலி சேர்ந்தால் மட்டும் நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். காபித்தூள் நிறத்திலோ ரத்தமாகவோ வந்தால் திரும்ப விடாமல் உடனே போக வேண்டும்.

ஆலமரநிழல்

இரைப்பை சரியாக இறக்கவில்லை என்றால் சிறுகுடலுக்கு டியூப் போடுகிறார்களே, அங்கே இதே கஞ்சியை ஊற்றலாமா?

வைகைக்கரை

கூடாது. நுனி சிறுகுடலுக்குப் போன கணத்தில், இதுவரை இரைப்பை சும்மா செய்துகொடுத்த நான்கு வேலைகளும் நம் தலையில் விழுகின்றன.

சேமிப்புப் பை இல்லை. 250 மி.லி.யை ஒரேயடியாக ஊற்றினால் அடர்த்தியான கரைசல் குடலுக்குள் விழுந்து, ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். அரை மணிக்குள் வயிற்று முறுக்கல், வியர்வை, படபடப்பு, பேதி. ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறி, இன்சுலின் பொங்கி, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை கீழே விழும். எனவே பம்ப் வைத்துத் தொடர்ச்சியாக மட்டுமே: மணிக்கு 10–20 மி.லி.யில் தொடங்கி, எட்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றி, 100 அளவில் நிறுத்துவது வழக்கம்.

அமிலத் தடுப்பு இல்லை. கஞ்சியில் இருக்கும் கிருமி உயிரோடு குடலில் இறங்கும். ஆகவே தொழிற்சாலையில் கிருமி நீக்கி அடைத்த திரவ உணவுதான் பாதுகாப்பு. அரைக்கும் வேலையும் இல்லை. இந்த டியூப்கள் பெரும்பாலும் 8, 10-ஆம் நம்பர், வீட்டுக் கஞ்சி ஒரே நாளில் அடைத்துவிடும்.

கலப்பதும் குறைகிறது. முன்சிறுகுடலைத் தாண்டி உணவு விழுவதால் கோலிசிஸ்டோகைனின் தூண்டல் குறையும். பித்தமும் கணைய நீரும் மேலிருந்து வந்து சேர்ந்தாலும் அளவு குறைவு. பெரும்பாலோர் வழக்கமான திரவ உணவையே தாங்குகிறார்கள். மலம் எண்ணெய்ப்பசையாகப் போனால் புரதத்தைப் பெப்டைடாக, அதாவது சிறு துண்டுகளாக, உடைத்து, எம்சிடி கொழுப்பு சேர்த்த உணவுக்கு மாற வேண்டும். நீண்டகாலம் இதிலேயே இருப்பவர்களுக்கு இரும்பும் தாமிரமும் குறையும், ஏனென்றால் அவை உறிஞ்சப்படும் முதன்மையான இடத்தையே உணவு தாண்டிப் போகிறது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகையோடு வெள்ளணுவும் குறையும், நடை தள்ளாடும். இரும்பு கொடுத்தும் ரத்தசோகை தீராதபோது இதை நினைக்க வேண்டும்.

எந்த இடத்தில் உணவு விழுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டுக்கு மாட்டிறைச்சிச் சாறும் முட்டையும் ஆசனவாய் வழியாக ஏற்றினார்கள். பெருங்குடலுக்குத் தண்ணீரும் உப்பும், நார்ச்சத்து நொதித்து வரும் சிறு கொழுப்பு அமிலங்களும்தான் உறிஞ்சத் தெரியும். புரதத்தை உடைக்கும் நொதியோ கடத்தியோ அங்கே போதாது. அவர் உருகிப்போய் செப்டம்பரில் இறந்தார். புண்ணின் சீழும் காரணம், பட்டினியும் காரணம்.

மாத்திரைப்பட்டை (மருந்தாளுநர்)

வயிறு போவதைப் பற்றி யாரும் மருந்துப் பக்கம் பார்க்கவில்லை. டியூபில் கொடுக்கும் சிரப்கள் பலவற்றில் இனிப்புக்கு சார்பிட்டால் இருக்கிறது. அது உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்கும். நாளுக்கு நான்கைந்து சிரப் போனால் அதுவே பேதி மருந்து. மாத்திரையாகப் பொடிக்க முடிந்ததைப் பொடித்துக் கொடுப்பது மேல். ஆன்டிபயாட்டிக் போகிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, பல நாள் மலம் போகாமல் இறுகிக் கிடந்தால் அதன் ஓரமாக நீர் மட்டும் கசியும். அதைப் பேதி என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு முற்றும். பேதிக்காக உணவை நிறுத்தாதீர்கள். குடல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் புதுப்பிக்கப்படுபவை, உள்ளே வரும் உணவிலிருந்தே ஊட்டம் எடுப்பவை. பட்டினி போட்டால் விரலிகள் குட்டையாகும், பிறகு கொடுப்பதும் உறிஞ்சப்படாது. வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு போக்குக்கும் 200 மி.லி. அளவு ஓஆர்எஸ் விடுங்கள்.

பொடிக்கக் கூடாதவை: பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர், ஈஆர் என்று இருப்பவை. நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அமிலம் குறைக்கும் பேன்டோபிரசோல் போன்ற பூச்சு மாத்திரையைப் பொடித்தால் அமிலத்திலேயே கெட்டுவிடும். கரையும் துகள் வடிவம் கேட்டு வாங்குங்கள். வலிப்புக்கான ஃபெனிடோயின் உணவோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் ஏறாது. கொடுப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் உணவு வேண்டாம். தைராய்டு மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இவற்றுக்கும் இடைவெளி வேண்டும். வயிற்றுப்புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் புரதத்தோடு சேர்ந்து கட்டியாகும். மலச்சிக்கலுக்கு இசப்கோலை டியூபில் ஊற்றவே கூடாது, உள்ளேயே ஊறி உப்பி அடைத்துவிடும்.

ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாக, நடுவில் 10, 15 மி.லி. தண்ணீர். கஞ்சியோடு கலக்க வேண்டாம்.

கரிசல்மண்

நான்கு சிரப் போகிறது. இன்றே பட்டியலைக் காட்டுகிறோம். டியூப் அடைத்தால் கோலா ஊற்றச் சொல்கிறார்களே? தண்ணீர் மொத்தம் எவ்வளவு போக வேண்டும்?

மாத்திரைப்பட்டை

கோலா வேண்டாம். அமிலம் பட்டால் பால்புரதம் திரிந்து அடைப்பு இறுகும். 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, மெதுவாக உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளுங்கள். 15, 20 நிமிடம் ஊறவிட்டு மறுபடி செய்யுங்கள். 2, 5 மி.லி. சிரிஞ்சால் அழுத்தாதீர்கள், சிறிய சிரிஞ்சில் அழுத்தம் மிக அதிகம், டியூப் வெடிக்கும். கம்பி விடக் கூடாது. அப்படியும் திறக்கவில்லை என்றால் மருத்துவமனையில் கணைய நொதியும் சோடா உப்பும் கரைத்து விட்டுப் பார்ப்பார்கள், இல்லையேல் மாற்றுவார்கள்.

பத்தியச்சமையல்

தண்ணீர் கிலோவுக்கு 30–35 மி.லி. 50 கிலோவுக்கு 1,500 முதல் 1,750. முழு அளவுக்கு வந்த பிறகு ஐந்து வேளைக் கலவையில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கும். முன்னும் பின்னும் விடும் 30 மி.லி.கள் சேர்ந்து 300. மீதி 200–450-ஐ இரண்டு வேளைக்கு நடுவே பிரித்து விடுங்கள். வெயில் காலத்திலும் காய்ச்சலிலும் இன்னும் வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான்.

வைகைக்கரை

கடைசியாக ஒன்று கேளுங்கள், உங்கள் மருத்துவரிடம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் விழுங்க முடியாது என்று தெரிந்தால் மூக்கு டியூபிலேயே காலம் தள்ள வேண்டாம். எண்டோஸ்கோப் வழியாக வயிற்றுச் சுவரில் போடும் பெக் டியூப், 1979-இல் கிளீவ்லாந்தில் காடரரும் பான்ஸ்கியும் தொடங்கியது. அதுவும் இரைப்பையில்தான் திறக்கிறது, எனவே செரிமானத்தில் மாற்றம் இல்லை, இதே கலவை, இதே அளவு. மூக்கும் தொண்டையும் புண்ணாகாது, பேச்சு, விழுங்கும் பயிற்சி எளிது. எச்சில் நுரையீரலுக்குப் போவதை மட்டும் அது தடுக்காது.

போட்ட பிறகு புண் ஆறியதும் வாரம் ஒருமுறை குறைந்தது 2 செ.மீ. உள்ளே தள்ளி, சுற்றி, பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்பக்கத் தட்டு இரைப்பைச் சுவரிலேயே புதைந்துவிடும். முதல் நான்கு வாரத்துக்குள் பிடுங்கிக்கொண்டால் வீட்டில் யாரும் திரும்பச் செருகாதீர்கள், துளை உறுதிப்படாததால் டியூப் வயிற்றறைக்குள் போய்விடும். நாள்பட்ட துளை என்றால் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். உணவு எதுவும் ஊற்றாமல், சுத்தமான துணியால் மூடி, விழுந்த டியூபையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.